தவக்காலத்தில் எடுத்த அளவு

மார்ட்டினுக்குத் தொப்பை இருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் கிடையாது. அவன் வயிறு, அவன் சாப்பிட்டு வளர்த்தது. எனக்கும்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு, 'ஜெய்னு தகட்டைச் சின்னதா வெட்டிட்டான்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான் பாருங்கள், அதில்தான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் பேர் ஜெய்னுலாபுதீன். காரைக்காலில் கார் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். மாட்டின் மேல் மோதிய வேன், மதிலில் உரசிய கார் எல்லாவற்றுக்கும் ஒடுக்கெடுப்பது நான்தான். என் அளவு தப்பாது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்டுப் பார்க்கலாம்.

நான் எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை, மார்ட்டினைப் பற்றியும் இல்லை. மார்ட்டினின் மனைவி டெல்பினைப் பற்றி. ஆனால் மார்ட்டினின் தொப்பையைத் தாண்டாமல் அந்தக் கதைக்குப் போக வழியில்லை. என்ன செய்வது?

அவர்கள் வீடு தலத்தெருவில் இருக்கிறது. டெல்பின் கோர்ட்டுக்குப் பக்கத்தில் செராக்ஸ் கடை நடத்துகிறாள். காலையில் மிஷினைப் போட்டால் சாயங்காலம் வரை ஓயாது. ஆள் நல்ல உயரம். மார்ட்டினைவிட ஒரு தலை உயரம் என்று சொன்னால் அவன் சண்டைக்கு வருவான், முக்கால் தலை என்று வைத்துக்கொள்வோம். தெருவில் யார் வீட்டு ஃபேனைத் துடைப்பதானாலும், பரணிலிருந்து அண்டாவை இறக்குவதானாலும், "டெல்பினைக் கூப்பிடு" என்பார்கள். முகம் சுளிக்காமல் போய்ச் செய்து கொடுப்பாள். ஆனால் நடக்கும்போது பார்க்க வேண்டும். தோள் இரண்டையும் முன்னால் மடித்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, தாழ்ந்த நிலைப்படிக்குள் நுழைகிற மாதிரியே நடப்பாள். நடுத்தெருவில் ஏது நிலைப்படி? எல்லாம் அந்த செராக்ஸ் மிஷின் செய்த வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

என்னை 'அண்ணே' என்பாள். என் மனைவி ஹாஜிராவை, எங்கள் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரியே 'லாத்தா' என்பாள். ஹாஜிராவும் அவளும் பேச ஆரம்பித்தால் எனக்கும் மார்ட்டினுக்கும் சோறு கிடைக்காது.

மார்ட்டின் பிரிட்ஜ், ஏசி மெக்கானிக். நல்ல கைக்காரன், அதில் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துத் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அந்த மாதிரி ஆட்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் வீட்டு பிரிட்ஜ் ஓடவில்லை என்று போனவன், பிரிட்ஜை விட்டுவிட்டு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். மகன் பிரான்சிலிருந்து அனுப்பிய காலண்டராம். மாதத்துக்கு ஒரு போர்க்கவசம், அந்தக் காலத்து வீரர்கள் போட்டது, உச்சி முதல் உள்ளங்கால் வரை பளபளவென்று இரும்பு. வருஷம் முடிந்ததும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே என் பட்டறைக்கு வந்துவிட்டான்.

"மாப்ள, இதச் செய்ய முடியுமாடா?"

"இதுல என்னடா இருக்கு? பானெட் அடிக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு, இன்னும் இரண்டு பேரையும் விடவில்லை.

முதலில் செத்த பிரிட்ஜின் கதவுத் தகட்டில் செய்தோம். கையுறை அழகாக வந்தது. ஹாஜிரா வந்து ஆட்காட்டி விரலால் ஓர் அழுத்து அழுத்தினாள், பள்ளம் விழுந்துவிட்டது. "இத வச்சா சண்டை போட்டாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் கம்ப்ரசரின் மேல் மூடியை அறுத்துத் தலைக்கவசம் செய்தான் மார்ட்டின். பார்ப்பதற்கு அசல் தலைக்கவசம்தான், தேங்காய்க்குத்தான் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் நல்ல கனத்தில் தகடு வாங்கி, புளியங்கட்டையில் குழி வெட்டி, குழிக்குள் வைத்து அடித்துப் பழகினோம். வீடியோ பார்ப்போம், அடிப்போம், கெடுப்போம், மறுபடி அடிப்போம். கெண்டைக்காலுக்கு, தொடைக்கு, முழங்கைக்கு, தூக்கி இறக்குகிற முகமூடியோடு தலைக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கடற்கரை ஊர் இல்லையா, இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் துருப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்போம். எங்கள் கவசத்தின் பக்கத்தில் போனால் தலைக்குக் குளிக்கப் போகிறவன் பக்கத்தில் நிற்கிற மாதிரி வாசம் வரும்.

பேர் எங்கள் இரண்டு பேருக்குத்தான். ஆனால் நியாயமாகச் சொன்னால் பாதி வேலை டெல்பினுடையது. காலண்டர் படத்தையும் இணையத்தில் கிடைத்த வரைபடத்தையும் தன் மிஷினில் வைத்து ஆள் அளவுக்குப் பெரிதாக்கி, தாளோடு தாள் ஒட்டித் தருவாள். தோல் வாருக்கு ஓட்டை போடுவது அவள். ரிவெட் அடிக்கும்போது மறுபக்கம் இரும்பைத் தாங்கிப் பிடிப்பது அவள். எண்ணெய் போடுவதும் அவளேதான். உள்ளே போடுகிற பஞ்சுச் சட்டையை ஹாஜிரா இலவம்பஞ்சு வைத்து மெத்தை தைக்கிற மாதிரி தைத்துக் கொடுத்தாள். அதைச் சித்திரை மாதத்தில் போட்டுப் பாருங்கள், நம்மை வைத்து இட்லி அவிக்கலாம்.

இப்படி இருக்கும்போது புதுச்சேரியிலிருந்து தகவல் வந்தது. எங்களைப் போன்ற கிறுக்கர்கள் சென்னை, பெங்களூரு, கொச்சியில் எல்லாம் இருக்கிறார்களாம். வருஷத்துக்கு ஒரு தடவை கூடுவார்களாம். அந்த ஆகஸ்ட் மாதம் புதுச்சேரியில் ஒரு மைதானத்தில் கூடுகிறார்கள். சொந்தக் கையால் செய்த முழுக் கவசம் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு எல்லார் முன்னாலும் நடந்து வரலாம். மழுங்கிய வாளால் ஒரு சண்டையும் போடலாம், காயம் படாத விளையாட்டுச் சண்டை. மார்ட்டின் போனை என் மூக்கில் இடிக்கிற மாதிரி நீட்டினான்.

"மாப்ள, நான் அதுல உள்ள நடந்து போவணும்டா. வேற ஒண்ணுமே வேணாம். ஊர்ல என்னைய பிரிட்ஜுக்காரன்னு கூப்புடுறான், ஏசின்னு கூப்புடுறான், பேரச் சொல்லி ஒருத்தன் கூப்புடல. அங்க ஒரே ஒரு தடவ முழுசாப் போட்டுக்கிட்டு நடக்கணும்."

கண் கலங்கிவிட்டது அவனுக்கு. இரும்புக்காக அழுகிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சரி, செய்துவிடுவோம் என்றேன். மார்பும் முதுகும் மட்டும்தான் பாக்கி இருந்தன.

இனிமேல்தான் கோளாறு. அந்த வருஷம் எங்கள் நோன்பும் அவர்கள் தவக்காலமும் ஒன்றாகவே ஆரம்பித்தன. நோன்பு நாளில் மத்தியானத்துக்கு மேல் சம்மட்டி தூக்க என்னால் ஆகாது, தொண்டை வறண்டுவிடும். சரி, இந்த நேரத்தில் அட்டையில் அளவு வெட்டி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அட்டைக்கு என்ன பஞ்சம், மார்ட்டினிடம் ஏசி வந்த பெட்டிகள் மலைபோல் கிடக்கின்றன. அவனும் தவக்காலம் முழுக்க ஒருசந்தி. அதாவது நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு, கறி மீன் பேச்சே கிடையாது. மற்ற விஷயங்களில் அவன் எப்படியோ, இதில் மட்டும் ஒரு பருக்கை தப்ப மாட்டான். அந்த ஒரு வேளையையும் நாங்கள் நோன்பு திறக்கிற நேரத்துக்கு எங்களோடு வந்து சாப்பிடுவான். ஹாஜிரா அவனுக்கென்று கறி போடாத கஞ்சியைத் தனிச் சட்டியில் எடுத்து வைத்திருப்பாள்.

அப்படி ஒரு சாயங்காலம், கஞ்சிக்கு முன்னால், அவன் உடம்பில் அட்டையைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டினேன். அந்தக் காலத்துக் கவசத்துக்கு மார்பு புடைத்து இருக்கும், இடுப்பு உடுக்கை மாதிரி ஒடுங்கும். மார்ட்டினுக்கு அட்டை அப்படியே உட்கார்ந்தது.

"பாத்தியா மாப்ள இடுப்ப? காலண்டர்ல இருக்கானே, அவனுக்கே இப்படிக் கெடையாது."

நானும் பார்த்தேன். பகலெல்லாம் பட்டினி கிடந்து கண் இருட்டிக்கொண்டிருந்த எனக்கு அவன் சரியாகத்தான் தெரிந்தான். வருஷா வருஷம் தவக்காலத்தில் இவன் வற்றுவான், ஈஸ்டர் முடிந்தால் ஊதுவான் என்பது தலத்தெருவில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை. இதை என் தப்பு என்று சொல்கிறவர்கள், ஒரு மாசம் நோன்பிருந்துவிட்டு என்னிடம் வந்து பேசட்டும்.

பெருநாள் வந்தது. ஹாஜிராவின் பிரியாணி அவன் வீட்டுக்கு ஒரு சட்டி போனது, அவன் தொடவில்லை, டெல்பினும் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். அப்புறம் ஈஸ்டர் வந்தது. அதுவரை பிடித்து வைத்திருந்ததற்கெல்லாம் வட்டி போட்டு வாங்கினான். காலையில் இடியாப்பம் ஆட்டுக்கறி, மத்தியானம் பிரியாணி, ராத்திரிக்கு மத்தியானம் மிஞ்சியது. அவன் அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் இந்தப் பக்கம் கோடை முழுக்க அட்டை அளவுக்குத் தகடு அடித்துக்கொண்டிருந்தேன்.

மாங்கனித் திருவிழாக் கூட்டம் ஊரில் நிறைந்திருந்த நாள் ஒன்றில் அவன் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் முதல் தடவையாகப் போட்டுப் பார்த்தோம். முன் தகட்டை வைத்தேன், பின் தகட்டை வைத்தேன், தோளில் வாரை மாட்டினேன். பக்கவாட்டில் இழுத்தால், நாலு விரல் இடைவெளி. வாரின் முதல் ஓட்டைகூடக் கொக்கிக்கு எட்டவில்லை.

"மூச்ச இழுத்துப் பிடிடா."

பிடித்தான். மூன்று விரல் ஆனது. மூச்சை விட்டான். வார் என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது.

"சின்னதா வெட்டிட்ட மாப்ள."

"நானா? அட்டைய எடுத்து வச்சுப் பாருடா! அட்டையும் தகடும் ஒரே அளவு. தகடு சுருங்குமா? வயிறுதாண்டா பெருத்திருக்கு!"

"ஏன், இடைவெளி விட்டே போட்டுக்கிட்டா என்ன?"

"பக்கத்துல ரெண்டு விரலுக்கு மேல தொறந்திருந்தா உள்ள விடமாட்டோம்னு அவங்க எழுதியிருக்காங்களே, அடி உள்ள எறங்கிடும்னு. படிச்சுக் காட்டவா?"

புதிதாக அடிக்க நேரமில்லை. வெட்டி ஒட்டுப் போட்டால் இடுப்பு வளைவே போய்விடும். அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டையில் டெல்பின் வெளியே வந்து, "திருவிழாவுக்கு வந்த ஜனமெல்லாம் இங்க வந்து நிக்கப் போவுது" என்று அதட்டினாள். நான் மாட்டிப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். எனக்குத் தோளிலேயே நின்றுவிட்டது, அந்தப் பேச்சு வேண்டாம்.

மறுநாளிலிருந்து மார்ட்டின் மறுபடியும் ஒருசந்தி. ஜூலை மாதத்தில். கோயிலில் பங்குச் சாமியாரே, "இது எந்தத் தவக்காலம் மார்ட்டின்?" என்று கேட்டாராம். காலையில் வெறும் தண்ணீர், மத்தியானம் கொஞ்சம் கஞ்சி, ராத்திரி ஒரு வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். தவக்காலத்தில் வேண்டுதல் இருக்கும், அதனால் தாங்கினான். இப்போது வெறும் பசி, அவனால் முடியவில்லை. ஒரு விரல் குறையும், ஞாயிற்றுக்கிழமை வரும், இரண்டு விரல் ஏறும்.

இந்தச் சமயத்தில்தான் கோர்ட்டுக்கு லீவான ஒரு மத்தியானம் ரிவெட் பொட்டலத்தைக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று கூப்பிட்டேன், பதில் இல்லை. பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனால், துணிக் கொடிக்குப் பக்கத்தில் இரும்பு மனிதன் ஒருவன் நின்று பெட்ஷீட்டை உதறிக்கொண்டிருக்கிறான்.

"யா அல்லாஹ்!" என்று நான் கத்திய கத்தில் காக்கை பறந்தது. அந்த உருவம் திரும்பி முகமூடியைத் தூக்கியது. டெல்பின்! நைட்டிக்கு மேலே மார்புக் கவசம், தலையில் தலைக்கவசம், கையில் துணி மாட்டுகிற கிளிப்பு.

"அண்ணே! வந்தா கூப்புட மாட்டீங்களா?"

"கூப்பிட்டேனேம்மா, அந்த இரும்புக்குள்ள காது கேக்குமா? என்னம்மா இது?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "முதுகு வலிக்கு நல்லா இருக்குண்ணே. சும்மாதான்... எண்ணெய் போடும்போது ஒரு நாள் மாட்டிப் பாத்தேன். ஒரு பக்கத்து வார மாட்டியே வச்சிருந்தா மத்தப் பக்கத்த நானே மாட்டிக்கலாம்."

நான் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். இடைவெளி என்பதே இல்லை. மார்பில் இடம் தாராளமாக இருந்தது, இடுப்பில் வார் கடைசி ஓட்டையில் உட்கார்ந்திருந்தது. அது மட்டுமில்லை. அந்தப் பின் தகடு இருக்கிறதே, அது ஆளைக் குனிய விடாது. தோள் விரிந்து, கழுத்து நிமிர்ந்து, அந்தக் கொல்லையில் அவள் நின்றபோது துணிக் கொடி அவளுடைய மார்பு உயரத்துக்குத்தான் இருந்தது. எத்தனையோ வருஷப் பழக்கம், இவள் இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கேம்மா" என்றேன்.

"அவர்ட்ட சொல்லிடாதீங்கண்ணே." குரல் இறங்கிவிட்டது. "இது அவரு ஆசப்பட்டது. அவரு பட்டினி கெடக்குறத நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். எனக்குப் புதுச்சேரியும் வேணாம், ஒண்ணும் வேணாம். துணி காயப்போடுற நேரத்துக்கு மட்டும் போதும்."

சொல்லும்போதே வாரை அவிழ்த்தாள். கவசம் கழன்றதும் தோள் இரண்டும் பழையபடி முன்னால் வந்து மடங்கின. ரிவெட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. சொன்னால் மார்ட்டினின் ஆசையில் மண்ணைப் போட்ட மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் அவன் பட்டினியில் போய்ச் சேருவான், கவசம் கொட்டகையில் கிடந்து துருப்பிடிக்கும், இவள் துணிக் கொடிக்குப் பக்கத்தில் மட்டும் நிமிர்ந்து நிற்பாள். ஹாஜிராவிடம் மட்டும் சொன்னேன். "பேசாம இருங்க. உங்க வாயி திறந்தா எதுவும் உருப்பட்டதில்ல" என்றாள். பெண்டாட்டி என்றால் இப்படித்தான் ஆறுதல் சொல்ல வேண்டும்.

அந்த வாரமே மார்ட்டின் அம்பகரத்தூரில் ஒரு வீட்டில் ஏசி மாட்டும்போது ஏணியில் கண் இருட்டிச் சாய்ந்துவிட்டான். நல்லவேளை, சுவரில் அடித்திருந்த கம்பியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான். வீட்டுக்காரர்கள் இறக்கி, நீர்மோர் கொடுத்து, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டெல்பின் தட்டு நிறையச் சோறும் மீன் குழம்பும் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவனும் சாப்பிட்டான். மூன்றாம் தடவை சோறு போட்டுக்கொண்டபோதே ஆகஸ்ட் மாதத்துக் கனவு போய்விட்டது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கையைக் கழுவிக்கொண்டு கொட்டகைக்குப் போனான். நானும் கூடவே போனேன். மார்புத் தகட்டை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான். அப்புறம் வாரைப் பிடித்து ஓட்டை ஓட்டையாகப் பார்த்தான். மெக்கானிக் கண் இல்லையா.

"மாப்ள, இந்தக் கடைசி ஓட்டையப் பாரு. இழுபட்டு நீண்டிருக்கு. வார் இங்கதான் மடிஞ்சு மடிஞ்சு தழும்பு விழுந்திருக்கு. எனக்கு மொத ஓட்டையே எட்டல. இதுல யாருடா மாட்டினா?"

நான் கொட்டகைக் கூரையைப் பார்த்தேன்.

"நீ திருட்டுத்தனமாப் போட்டுப் பாத்தியா?"

"அட கூறுகெட்டவனே! கடைசி ஓட்டையா? எனக்கா? என் வயித்தக் கொஞ்சம் பாருடா!"

பார்த்தான். சந்தேகம் போய்விட்டது. அது அவ்வளவு வேகமாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அப்போது வாசலில் டெல்பின் குரல் கேட்டது.

"நான்தாங்க மாட்டுனேன். அண்ணன் மேல பழியப் போடாதீங்க. தப்புத்தான். இனிமே தொட மாட்டேன்."

மார்ட்டின் கோபக்காரன் இல்லை, ஆனால் மனசு உடைந்தவன் என்ன சொல்வான் என்று யாருக்குத் தெரியும்? தகட்டை மடியிலிருந்து எடுத்து நீட்டினான்.

"போடு, பாக்குறேன்."

"வேணாங்க."

"போடுங்குறேன்ல."

போட்டாள். அவனே எழுந்து பக்கத்து வாரை மாட்டினான். கொக்கி கடைசி ஓட்டையில் போய் உட்கார்ந்தது. அவளைச் சுற்றி ஒரு தடவை வந்தான், பின்னால் போய் நின்றான், முன்னால் வந்து அண்ணாந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஜெய்னு," என்றான் கடைசியில். "கெண்டக்கால்ல மூணு விரல் பத்தாதுடா. தகடு இருக்கா?"

"என்னங்க நீங்க! இது நீங்க போடச் செஞ்சது. எத்தன நாள் கனவு உங்களுக்கு!"

"எனக்குப் பத்தல டெல்பின். உனக்குப் பத்துது. இத வச்சுப் பூசையா பண்ணப் போறோம்?"

"எல்லாரும் சிரிப்பாங்க."

"என்னையப் பாத்துச் சிரிக்காதவனுங்களா? இதையும் சேத்துச் சிரிக்கட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சொல்லிவிட்டு, முகம் கழுவப் போகிறேன் என்று கிணற்றடிக்குப் போனவன், வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தான். நான் கூப்பிடவில்லை.

கால் அளவை ஹாஜிராதான் எடுத்தாள். "மொதல்ல சாப்புடு, அப்புறம் அளவெடுக்குறேன். எங்க வீட்டு மனுஷன் பண்ண கூத்து போதும்" என்று டெல்பினுக்கு வயிறு முட்டச் சோறு போட்டுவிட்டுத்தான் நாடாவைத் தொட்டாள். காலுக்கும் கைக்கும் நான் தகட்டை நீட்டினேன். பஞ்சுச் சட்டையின் கையை ஹாஜிரா நீட்டினாள். கொட்டகையில் விளக்குமாற்றுக் கட்டையை வாளாக வைத்து மார்ட்டினும் டெல்பினும் பழகினார்கள். அவள் அடித்த ஒவ்வொரு அடிக்கும், "வலிக்குதாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் உடம்பெல்லாம் கன்றிப்போயிருந்தது, ஆனால் அவன் சாப்பாடு மறுபடி ஒழுங்காகிவிட்டது.

புதுச்சேரிக்கு டாடா ஏஸில் போனோம். மைதானத்தில் இருபது முப்பது இரும்பு ஆட்கள். தமிழ், மலையாளம், கன்னடம், இங்கிலீஷ் எல்லாம் முகமூடிக்குள்ளிருந்து ஒன்றாகத்தான் கேட்டது. கவசம் போட்டவரோடு உதவிக்கு ஒரு ஆள் உள்ளே வரலாம் என்றார்கள். மார்ட்டின் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, காலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வாராக அவளுக்கு மாட்டினான். நான் உதவிக்குப் போனேன், தட்டிவிட்டான்.

பேர் எழுதுகிற பையன் குட்டையாக நிற்கிற மார்ட்டினையும் அவன் பக்கத்தில் நிற்கிற நெடிய இரும்பையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்க போடலையா சார்?" என்று கேட்டான்.

"இது அவங்க அளவு" என்றான் மார்ட்டின்.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். காரைக்கால், டெல்பின் மார்ட்டின். அவள் நடந்து போனாள். அந்த வெயிலில், ஒரு அரிசிச் சிப்பம் கனத்தைச் சுமந்துகொண்டு, யாரையும் அண்ணாந்து பார்க்காமல், யாருக்காகவும் கழுத்தை இழுத்துக்கொள்ளாமல், நடு மைதானம் வரை நேராக நடந்தாள். பின்னாலேயே மார்ட்டின் வாளைத் தூக்கிக்கொண்டு போனான்.

சண்டையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. எதிரே பெங்களூருவிலிருந்து வந்த பொண்ணு, நல்ல சுறுசுறுப்பு. டெல்பினுக்குக் கை நீளம் என்பதால் முதல் அடியே அந்தப் பொண்ணின் தலைக்கவசத்தில் 'டங்' என்று விழுந்தது. கூட்டம் கத்தியது. இவள் வாளைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, பட்டுடுச்சாம்மா?" என்று ஓடிப்போய் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். நடுவர் சிரித்துக்கொண்டே சண்டையை நிறுத்தி, வாளை எடுத்துக் கையில் கொடுத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு மூன்று அடி வாங்கித் தோற்றாள். தோற்றவளுக்கு விழுந்த கைதட்டல் ஜெயித்தவளுக்கு விழவில்லை.

அவளைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். இரும்பைத் தட்டிப் பார்க்கிறார்கள், யார் அடித்தது என்று கேட்கிறார்கள். அவள் முகமூடியைத் தூக்கிவிட்டு, வேர்த்து வழிய, எல்லார் தலைக்கும் மேலே தலை தெரிய நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மார்ட்டின் தள்ளி வந்து என் பக்கத்தில் நின்றான்.

"வருத்தமா இருக்காடா?" என்று கேட்டேன். நான் கேட்காமல் வேறு யார் கேட்பது?

"இருக்குடா. இல்லன்னு சொன்னா பொய். அவ நடந்து போவயில என் காலு ரெண்டும் அந்த இரும்புக்குள்ள இருக்கக் கூடாதான்னுதான் இருந்துச்சு." தாடையால் அவளைக் காட்டினான். "கல்யாணத்தன்னிக்குக் கோயில்ல தாலிகட்டப் போனா எனக்கு எட்டல மாப்ள. எங்கம்மா சொன்னிச்சு, 'கொஞ்சம் குனிஞ்சுக்கம்மா, அவன் கட்டட்டும்'னு. குனிஞ்சா. அதுக்கப்புறம் யாரும் அவள நிமிருன்னு சொல்லலடா. நானும் சொல்லல."

நான் அவன் தோளில் கையைப் போட்டேன். அதற்குள் டெல்பின் எங்களைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, வாரு அவுக்கணுமா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"வேணாம் டெல்பின்," என்று மார்ட்டின் கத்தினான். "அப்படியே இரு."